யூடியூப் ஓடுது, கிளாஸ் மட்டும் ஓடலையா?

2020-21 கல்வியாண்டில் தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர்கள் அதிகம் கேட்ட கேள்வி இதுவாகத்தான் இருக்கும். மாணவர் "நெட்வொர்க் இஷ்யூ சார்" என்பார். ஆசிரியர் தலைப்பில் உள்ளதைக் கேட்பார். வீட்டில் அம்மாவும் அதையே கேட்பார். நீ பொய் சொல்கிறாய் என்பதை நாகரிகமாகச் சொல்லும் விதம் அது.

பொய் சொன்னவர்கள் இருந்தார்கள். லாகின் செய்துவிட்டுத் தூங்கியவர்களும், ஒரு போனில் வகுப்பையும் இன்னொன்றில் ஃப்ரீ ஃபயர் கேமையும் ஓட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களை விட்டுவிடுவோம். ஒரே போனில், ஒரே சிம்மில், அதே நிமிஷத்தில் யூடியூப் தடங்கலின்றி ஓடும், நேரலை வகுப்பு திக்கித் திணறும் என்பது இயற்பியல்படி முழுக்கச் சாத்தியம். சாத்தியம் மட்டுமல்ல, சிக்னல் சுமாராக உள்ள எந்த வீட்டிலும் அதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

இதை விளக்க ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தை எடுத்துக்கொள்கிறேன். பெண்ணலூர், தண்டலம் பக்கம் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக இருப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நம் கதையின் இரண்டு முனைகளும் இங்கேதான் தயாராகின்றன. 2006 முதல் 2014 நவம்பர் வரை நோக்கியாவின் கைபேசித் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரில் ஓடியது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைப் பொருத்துகிறது. ஐபோன் 11 இங்கே தயாராகத் தொடங்கிய செய்தி வந்தது 2020 ஜூலையில், கல்லூரிகள் பூட்டிக் கிடந்த நேரத்தில். ஒரகடத்தில் நோக்கியாவின் இன்னொரு ஆலை 2008 முதல் செல்போன் டவர்களுக்கான ரேடியோ கருவிகளைச் செய்கிறது. போனும் இந்த ஊரில், டவர் கருவியும் இந்த ஊரில். நடுவில் இருக்கும் காற்றுவெளியில்தான் நம் மாணவரின் குரல் காணாமல் போனது.

ஒரு மூன்றாமாண்டு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். ஷீட் போட்ட லைன் வீடு, ஒரே அறை. மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வருவதால் பகலில் அப்பா தூங்க வேண்டிய வாரங்கள் உண்டு. 2020 மார்ச் 17-இல் கல்லூரிகள் மூடப்பட்டன. அதன்பிறகு அவளுடைய கல்லூரி என்பது ஒரு ஆண்ட்ராய்டு போன்.

யூடியூபை முதலில் பார்ப்போம். அந்த வீடியோ எப்போதோ எடுத்து முடிக்கப்பட்டது. அவள் ஒரு நொடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்து வரப்போகும் பல நொடிகள் போனுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். நடுவே ஐந்து நொடி சிக்னல் அறுந்தாலும் திரையில் ஒன்றும் தெரியாது. வழியில் ஒரு துண்டு தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ள அவகாசம் இருக்கிறது.

நேரலை வகுப்பில் அந்த அவகாசம் இல்லை. ஆசிரியர் இன்னும் பேசாத வாக்கியத்தை எந்த போனும் முன்கூட்டி இறக்கி வைக்க முடியாது. தொலைபேசி உரையாடல் இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் அதற்கான நேரம் பெரும்பாலும் போய்விடும். அதனால் மென்பொருள் அதைக் கைகழுவிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போகிறது.

"கேம் மட்டும் எப்படி ஓடுது?" என்ற அடுத்த கேள்விக்கும் பதில் உண்டு. விளையாட்டுக்கும் தாமதம் கூடாதுதான். ஆனால் அது படத்தை அனுப்புவதில்லை. யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் சுடுகிறார் என்ற சில எண்களை மட்டும் அனுப்புகிறது. படத்தை வரைவது போனின் வேலை. ஒரு முகத்தின் வீடியோவோடு ஒப்பிட்டால் அந்த எண்கள் தூசு.

இதுவரை பேசியது பெரும்பாலும் டவரிலிருந்து போனுக்குக் கீழே இறங்கும் பாதை. வகுப்பில் உண்மையான சிக்கல் போனிலிருந்து டவருக்கு மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. டவரின் ரேடியோ பொதுவாக இருபது, நாற்பது வாட் திறனில் ஒலிபரப்பும். 4ஜி போன் மேல்நோக்கி அனுப்பும் உச்சத் திறன் சுமார் 0.2 வாட். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். டவர் சொல்வது போனுக்குக் கேட்கும், போன் சொல்வது டவருக்குக் கேட்காது என்ற நிலை இதனால்தான் வருகிறது. தகரக் கூரையும் கான்கிரீட் சுவரும் இரண்டு திசையிலும் ஒரே அளவு சிக்னலைத் தின்கின்றன. ஆனால் நாற்பது வாட்டில் தின்றாலும் மிச்சம் இருக்கும், 0.2 வாட்டில் தின்றால் மிஞ்சுவது சொற்பம். சிக்னல் மெலிந்தால் போன் ஒவ்வொரு துடிப்பிலும் ஏற்றும் பிட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். ஆறு பிட் ஏற்ற வேண்டிய இடத்தில் இரண்டுதான் ஏற்றும். போதாததற்கு, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே அலைவரிசையை நேரப் பங்கீட்டில் பயன்படுத்தும் நெட்வொர்க்குகள் நேரத்தின் பெரும்பகுதியை இறக்கத்துக்கே ஒதுக்குகின்றன. மக்கள் அதிகம் பார்ப்பவர்கள், குறைவாக அனுப்புபவர்கள் என்ற கணக்கில் போட்ட பங்கீடு அது. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் காலை ஒன்பது மணிக்குக் கேமராவைத் திறப்பார்கள் என்று அந்தக் கணக்கைப் போட்டவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஒரு டவர் ஒரு பக்கத்துக்குத் தரும் அலைவரிசை அந்தப் பக்கத்தில் உள்ள எல்லோருக்கும் பொது. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒரகடம் ஜங்ஷனில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்குமே, அப்படித்தான் ஒவ்வொரு போனின் டேட்டாப் பொட்டலமும் தன் முறைக்காக நிற்கிறது. பாதை அதேதான், வண்டிதான் கூடிவிட்டது. நிற்கும் ஒவ்வொரு மில்லிநொடியும் தாமதத்தில் சேரும்.

இப்போது அவள் மைக்கைத் திறந்து "புரியல சார்" என்கிறாள். சுமார் ஒரு நொடிப் பேச்சு. மென்பொருள் அதை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஐம்பது துண்டு, ஐம்பது பொட்டலம். இன்றைய வீடியோ அழைப்புகள் பலவற்றில் இந்த வேலையைச் செய்வது 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறை. ஒரு பொட்டலம் தொலைந்தால் பாதகமில்லை. மறுமுனை முந்தைய ஒலியைக் கொஞ்சம் இழுத்து ஓட்டையை அடைத்துவிடும், காது கண்டுபிடிக்காது. உயிரொலியின் நடுவில் தொலைந்தால் இன்னும் நல்லது. ஆனால் பொட்டலங்கள் தனித்தனியாகத் தொலைவதில்லை. சிக்னல் ஒரு கணம் விழுந்தால் பல பொட்டலங்கள் வரிசையாகப் போகும். "புரியல சார்" என்பதற்கும் "புரியுது சார்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் நடுவில் இருக்கும் சில நூறு மில்லிநொடிதான். அது கரகரத்துப் போனால் ஆசிரியருக்குக் கேட்பது "புரி... சார்". புரிந்துவிட்டது என்று அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போவார்.

சில சமயம் ஆசிரியர் திடீரென்று வேகமாகப் பேசுவதுபோல் கேட்குமே, அதுவும் இதே குடும்பத்து நோய். பொட்டலங்கள் முன்பின்னாக வந்து சேர்வதால் மென்பொருள் கொஞ்சத்தைப் பிடித்துவைத்துச் சீராக்கி ஒலிக்கும். பிடித்துவைத்தது மிகுந்துபோனால் தாமதத்தைக் குறைக்கப் பேச்சை அழுத்தி வேகமாக ஓட்டும். கிண்டலடித்து மீம் போட்ட பிள்ளைகள் ஒரு நல்ல பொறியியல் தீர்வைத்தான் கிண்டலடித்தார்கள்.

குரலுக்கு நொடிக்குச் சில பத்து கிலோபிட் போதும். வீடியோவுக்குப் பல நூறு வேண்டும். அதிலும் எந்த வீடியோ என்பது முக்கியம். வீடியோச் சுருக்கத்தின் அடிப்படைத் தந்திரம் எளியது: முழுப் படத்தை எப்போதாவது ஒருமுறை அனுப்பு, மற்ற நேரமெல்லாம் முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் அனுப்பு. அசையாத சுவருக்கு முன் உட்கார்ந்து பேசும் முகத்துக்கு இது அருமையாக வேலை செய்யும். ஒற்றை அறை வீட்டில் அசையாத சுவர் எங்கே கிடைக்கும்? தலைக்குப் பின்னால் சீலிங் ஃபேன் சுற்றுகிறது. அதன் இறக்கைகள் ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருப்பதால் அந்தப் பகுதிக்கு "போன படத்தில் இருந்த மாதிரியே" என்று சொல்லித் தப்ப முடியாது. கொடியில் காயும் புடவை ஆடுகிறது, தம்பி குறுக்கே போகிறான். பிட்டுகள் அங்கே செலவாகும், அவள் முகம் கட்டம் கட்டமாக உடையும். ஏசி அறையில் வெள்ளைச் சுவருக்கு முன் உட்கார்ந்திருக்கும் மாணவரின் முகம் அதே பிட் அளவில் பளிச்சென்று தெரியும். வறுமைக்கும் பிட் விகிதத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை.

இன்னொரு அநியாயம் உண்டு. வகுப்பில் அறுபது பேர் கேமராவைத் திறந்தாலும் ஜூம் போன்ற செயலி கைபேசித் திரையில் ஒரே நேரத்தில் நான்கு முகங்களைத்தான் காட்டியது. கணினியில் 25, கூட்டினால் 49. பெரும்பாலான பிள்ளைகள் போனில், ஆசிரியர் லேப்டாப்பில். அதாவது அவள் திணறித் திணறி மேலே அனுப்பும் படத்தைப் பார்ப்பவர் அநேகமாக ஆசிரியர் ஒருவரே. அவரும் ஸ்கிரீன் ஷேர் செய்துகொண்டிருந்தால் பார்க்க மாட்டார்.

அரசு இந்தச் சிக்கலைப் பார்த்தது, ஆனால் ஒரு பக்கத்திலிருந்து. 2021 ஜனவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டை அறிவித்தார். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, சுமார் 9.69 லட்சம் பேருக்கு. நல்ல திட்டம், அதில் சந்தேகமில்லை. கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். வீடியோ நொடிக்கு 600 கிலோபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 270 எம்பி. ஐந்து மணி நேர வகுப்புக்கு 1.35 ஜிபி. 2 ஜிபிக்குள் அடங்கிவிட்டது. ஆனால் "எல்லாரும் கேமராவை ஆன் பண்ணுங்க" என்று சொன்னால் அவளும் அதே அளவு மேலே அனுப்ப வேண்டும். மொத்தம் 2.7 ஜிபி. மூன்றே முக்கால் மணி நேரத்தில் அன்றைய டேட்டா காலி, கடைசி வகுப்பு போச்சு. கேமராவை அணைத்து வைத்தவள் சோம்பேறி அல்ல. கையிருப்பைக் கணக்குப் பார்த்துச் செலவழித்தவள். டேட்டா கார்டு எத்தனை ஜிபி என்பதைக் கூட்டியதே தவிர, மேலே ஏறும் பாதையை ஒரு அங்குலமும் அகலப்படுத்தவில்லை. அது அட்டையால் ஆகும் காரியமும் இல்லை.

அடுத்து, நெட்வொர்க் முழுக்க ஒழுங்காக இருந்தாலும் நடக்கும் ஒரு விஷயம். ஆசிரியர் கேட்கிறார்: "டவுட் இருக்கா? யாராவது சொல்லுங்க." மௌனம். "யாருமே பதில் சொல்ல மாட்டேங்கறீங்களே!"

மனிதர்கள் நேரில் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. ஆய்வாளர் தான்யா ஸ்டிவர்ஸும் சகாக்களும் 2009-இல் பத்து மொழிகளில் அளந்தார்கள். ஜப்பானியம் முதல் மெக்சிகோவின் ட்செல்டால் வரை எல்லாவற்றையும் சேர்த்த சராசரி இடைவெளி ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வந்தது. அந்தப் பத்தில் தமிழ் இல்லை. ஆனால் நாம் அடுத்தவர் முடிக்கவே விடாமல் தொடங்குகிற ஆட்கள் என்பதை எந்த டீக்கடையிலும் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த வேகம் எப்படிச் சாத்தியம்? மற்றவர் எப்போது முடிப்பார் என்பதை மூளை அவர் பேசும்போதே கணித்துவிடுகிறது. குரல் இறங்குவது, மூச்சு இழுப்பது, கண் திரும்புவது எல்லாம் அதற்குக் குறிப்புகள்.

மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ஜூலி போலண்டும் சகாக்களும் இதையே ஜூமில் அளந்தார்கள். நேரில் சராசரியாக 135 மில்லிநொடியாக இருந்த இடைவெளி ஜூமில் 487 ஆனது. வலையின் தாமதத்தைக் கழித்தாலும் முழுக் கணக்கும் தீரவில்லை. தாமதம் கூடியும் குறைந்தும் வருவதால் மூளையின் கணிப்பே குலைந்துபோகிறது என்பது அவர்கள் விளக்கம்.

இதோடு பழைய ஆய்வு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக நீட்டச் சொன்னபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். இப்போது நம் மாணவியிடம் வருவோம். ஆசிரியரின் கேள்வி அவளை எட்ட 200 மில்லிநொடி என்று வைப்போம். யோசிக்க ஒரு நொடி. திரையைத் தொட்டு, மைக் குறியைத் தேடி அழுத்த ஒரு நொடி. வேறு யாராவது பேசுகிறார்களா என்று தயங்க அரை நொடி. குரல் திரும்பிப் போக இன்னொரு 200. மூன்று நொடி ஆகப்போகிறது. ஒரு நொடி காத்திருக்கும் பழக்கமுள்ள ஆசிரியர் அதற்குள் "ஓகே, நெக்ஸ்ட் டாபிக்" என்று ஆரம்பித்திருப்பார். அவள் வாயைத் திறக்கும்போது இருவர் குரலும் மோதும். "சாரி சார்" என்று மறுபடி மியூட்டுக்குப் போய்விடுவாள். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை அவள் முயலமாட்டாள். மாணவர்கள் பேசவே இல்லை என்று அந்த ஆண்டைப் பற்றிச் சொல்லப்படும் புகாரில் கணிசமான பகுதி இந்த மூன்று நொடிக்குள் அடங்கும் என்பது என் கணிப்பு.

கேமராவைத் திறந்து வைக்க முடிந்தவர்களுக்கு வேறு வகைக் களைப்பு. ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021 பிப்ரவரியில் அதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: எல்லா முகங்களும் மிக அருகில் உற்றுப் பார்ப்பது, சைகைகளை வலிந்து அனுப்பவும் வாசிக்கவும் வேண்டியிருப்பது, நாள் முழுதும் தன் முகத்தையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பது, சட்டத்துக்குள் அசையாமல் உட்கார வேண்டியிருப்பது. அவர் அப்போது வைத்தது வாதம்தான், அளவீடு அல்ல. அளவீடுகள் பின்னால் வந்தன. ஆஸ்திரியாவில் 35 மாணவர்களை வைத்து, 50 நிமிட விரிவுரையை நேரிலும் வீடியோவிலும் கேட்கச் செய்து, மூளை அலைகளையும் இதயத் துடிப்பையும் பதிவுசெய்த ஆய்வு 2023-இல் வெளியானது. வீடியோவில் கேட்டபோது களைப்பின் உடற்குறிகள் கூடியிருந்தன. 35 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனாலும் களைப்பு வெறும் புலம்பல் அல்ல என்று சொல்ல அது போதும். 103 ஊழியர்களை நான்கு வாரம் கவனித்த கிறிஸ்டன் ஷாக்லியின் ஆய்வில் கேமரா திறந்திருந்த நாட்களில் களைப்பு அதிகம், அதிலும் பெண்களுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் கூடுதல்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேமராவை ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டபோது அதிகம் பேர் சொன்ன காரணம், தங்கள் தோற்றம் பற்றிய கவலை. பின்னால் தெரியும் ஆட்களும் இடமும் அடுத்தடுத்த காரணங்களில் வந்தன. நம் ஊரில் பட்டியலின் வரிசை மாறக்கூடும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா கட்டிலில் லுங்கியோடு தூங்குவதை அறுபது பேர் பார்ப்பது ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று அளக்க மூளை அலைக் கருவி தேவையில்லை.

கேமராவைக் கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2020 நவம்பர்–டிசம்பரில் நடந்திருக்க வேண்டிய பருவத் தேர்வுகளை அண்ணா பல்கலைக்கழகம் 2021 தொடக்கத்தில் ஆன்லைனில், செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு நடத்தியது. கேமராவும் மைக்கும் தேர்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். முடிவு வந்தபோது பெரும் எண்ணிக்கையில் மாணவர்கள் தோல்வி, அல்லது முறைகேட்டுச் சந்தேகத்தில் முடிவு நிறுத்திவைப்பு. தாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை என்று மாணவர்கள் குமுறினார்கள். ஆட்சி மாறியபின் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மே மாதம் மறுதேர்வை அறிவித்தார். இம்முறை தாளில் எழுதி, படமெடுத்து ஏற்றும் முறை.

அந்த முடிவுகளில் எத்தனை நியாயம், எத்தனை தவறு என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. பொதுவாக ஒன்றைச் சொல்லலாம். இப்படிப்பட்ட கண்காணிப்பு, முகம் தெரிகிறதா, கண் எங்கே போகிறது, வேறு குரல் கேட்கிறதா என்று பார்க்கிறது. உடைந்த படம் வந்தால் முகம் மறைந்ததா, பிட் மறைந்ததா என்று அதற்குத் தெரியாது. பக்கத்து வீட்டு டிவிக்கும் விடை சொல்லிக்கொடுக்கும் அண்ணனுக்கும் ஒற்றை அறை வீட்டில் ஒலி ஒன்றுதான். தாளில் எழுதிப் படமெடுத்து ஏற்றும் முறை பழமையானதாகத் தோன்றலாம். ஆனால் சில எம்பி மட்டுமே மேலே போகிறது, தொலைந்தால் மறுபடி அனுப்பலாம், ஐந்து நிமிஷம் தாமதித்தாலும் உலகம் முழுகாது. பலவீனமான பாதைக்கு ஏற்ற வடிவம் அதுதான்.

நல்லது ஒன்றும் நடக்கவில்லையா என்றால், நடந்தது. தமிழ்வழியில் படித்து வந்து, வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கக் கூசியவர்கள் சாட்டில் தங்கிலீஷில் தட்டினார்கள்: "sir 2nd step epdi vandhuchu" என்று. ஒரு வரி எழுத்துக்குச் சில நூறு பிட் போதும், தாமதம் அதைக் கொல்லாது, முகமும் காட்ட வேண்டாம். பதிவுசெய்த பாடங்கள் இன்னொரு வரம். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் என்பிடெல் என்ற பெயரில் இணையப் பாடங்களை 2003 முதலே உருவாக்கி வந்தன. புரியாத இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்க்கலாம், தெரிந்த இடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் தள்ளலாம். சென்னை ஐஐடி 2020 ஜூனில் அறிவித்த தரவு அறிவியல் படிப்பும் இந்தப் பாதையைத்தான் பிடித்தது: பாடம் பதிவில், சந்தேகம் நேரலையில், தேர்வு மையத்தில் நேரடியாக. எதற்கு எந்தப் பாதை தாங்கும் என்று பிரித்துப் பார்த்த வடிவம் அது.

கல்லூரிகள் திறந்தாகிவிட்டன என்பதால் இது முடிந்துபோன கதை அல்ல. டிப்ளமோ முடித்துத் தொழிற்சாலை லைனில் நிற்கும் பிள்ளைகள் ஆன்லைனில் பட்டம் படிக்கலாம். அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. ஷிஃப்ட் முடித்து வந்து ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து 4ஜி போனில் வகுப்பைத் திறக்கும் ஒருவருக்கு 0.2 வாட் இன்றும் 0.2 வாட்தான். வடகிழக்குப் பருவமழைக்கு விடுமுறை விட்டால் "இன்னிக்கு ஆன்லைன் கிளாஸ்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அன்றைக்கு டவருக்கும் கரண்ட் இருக்குமா என்பது வேறு கேள்வி.

அப்படியொரு நாளில் வகுப்பெடுக்கப் போகும் ஆசிரியர்களுக்கு: ஸ்லைடை முந்தின இரவே அனுப்பிவிடுங்கள். கேமராவைக் கேட்காதீர்கள், வருகையைச் சாட்டில் வாங்குங்கள். கேள்வி கேட்டால் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். "புரி... சார்" என்று கேட்டால் அடுத்த ஸ்லைடுக்குப் போகாமல் இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள்.